வாக்காளரை இழந்த உறுப்பினர்

சாதாரண தர மாணவர்களிடம் சி.வி. வேலுப்பிள்ளையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதும்படி கேட்டால், பத்தில் எட்டுப் பேர் ஏறத்தாழ ஒரே வசனத்தைத்தான் எழுதுவார்கள்: "இவர் மக்கள் கவிமணி எனப் போற்றப்பட்டவர், பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்." பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. நினைவு மலர்களிலும் விழா உரைகளிலும் பெரியவர்களாகிய நாமும் அப்படித்தான் எழுதிவருகிறோம். கவிதைக்கு நான்கு பக்கம், நாவலுக்கு மூன்று பக்கம், நாட்டார் பாடலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். பாராளுமன்றத்துக்கு ஓர் 'உம்' போதுமென்று நினைக்கிறோம்.

நான் படிப்பிக்கும் பாடசாலையின் முற்றத்தில் நின்று பார்த்தால் மடக்கொம்பரைத் தேயிலை மலை தெரியும். மழைக்காலத்தில் தெரியாது, அது வேறு விடயம். சி.வி. பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான், 1914 செப்டெம்பர் 14 ஆம் திகதி. வட்டகொடைக்கும் பூண்டுலோயாவுக்கும் இடைப்பட்ட இந்தப் பகுதியில், அந்த 'உம்' என்ற இடைச்சொல்லுக்குள் கிடக்கும் ஐந்து ஆண்டுகள் எங்கள் வீட்டுக் கதையும்கூட. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில் மலையக வரலாற்றைப் பாடமாகப் படித்தேன். ஆயினும் இந்த ஐந்து ஆண்டுகளை நான் முதலில் கேட்டது என் அப்பாயியின் வாயால்தான். ஆகவே இக்கட்டுரையில் இரண்டும் கலந்தே வரும். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

சி.வி. சாதாரணத் தொழிலாளியின் பிள்ளையல்லர். பெரிய கங்காணிப் பரம்பரையில் வந்தவர். லயத்துப் பிள்ளைகள் கொழுந்துக் கூடையைத் தூக்கிய வயதில் அவர் அட்டனிலும் நுவரெலியாவிலும் பின்னர் கொழும்பிலும் ஆங்கிலம் கற்றார். 1934 இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, தான் எழுதிய 'விஸ்மாஜினி' என்ற ஆங்கில இசை நாடகத்தை அவரிடம் கையளித்தவர். சில காலம் ஆசிரியராகவும் இருந்தார். இதையெல்லாம் சாரல்நாடன் விரிவாக எழுதியிருக்கிறார். நான் திரும்பச் சொல்லத் தேவையில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். கங்காணியின் வீட்டிலிருந்து லயத்துக்கு இறங்கி வருவதற்கு அவருக்கு ஒரு படிக்கட்டு தேவைப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரஸ் அந்தப் படிக்கட்டாக அமைந்தது.

1939 ஜூலையில் ஜவகர்லால் நேரு இலங்கைக்கு வந்து சென்றதையொட்டிப் பிறந்தது அந்தக் காங்கிரஸ். அடுத்த ஆண்டு அதன் தொழிற்சங்கமும் வந்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் சூட்டில் இறந்தார். தோட்டத்துக்குள் சங்கம் என்ற சொல்லையே உச்சரிக்க அஞ்சிய காலம் அது. அதற்கு முன்பும் மலையகத்திலிருந்து சட்டசபைக்குப் போனவர்கள் உண்டு. 1931 இல் அட்டனின் உறுப்பினராகி அமைச்சராகவும் இருந்த பெரி சுந்தரம், 1936 இல் வென்ற கோ. நடேசய்யர், தலவாக்கலையின் எஸ்.பி. வைத்திலிங்கம் ஆகியோரை அறிவோம். இவர்களுள் நடேசய்யர் தனி மலை. ஆனால் இவர்கள் எல்லோரும் தனித்தனி மனிதர்களாகப் போனவர்கள். 1947 இல்தான் தோட்டத்து மக்கள் ஓர் அமைப்பின் பெயரால் பலரை ஒரே தடவையில் அனுப்பினார்கள். அந்தத் தேர்தலில் தோற்ற நடேசய்யர் அதே ஆண்டில் காலமானார் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு காலம் முடிந்து இன்னொன்று தொடங்கிய ஆண்டு அது.

1947 ஓகஸ்ட் 23 முதல் செப்டெம்பர் 20 வரை பல நாட்களாக நடந்த அத்தேர்தலில் தெரிவானோர் 95 பேர். நுவரெலியாவில் எஸ். தொண்டமான், நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜி.ஆர். மோத்தா, தலவாக்கலையில் சி.வி. வேலுப்பிள்ளை எனக் காங்கிரஸ்காரர்கள் சபைக்குள் போனார்கள். சி.வி.க்கு அப்போது வயது 33. இவர்களைத் தவிர, தோட்ட வாக்குகளின் துணையோடு இடதுசாரிகளும் சில தொகுதிகளில் வென்றார்கள். டி.எஸ். சேனாநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 ஆசனங்கள். சபையில் அறுதிப் பெரும்பான்மை இல்லை. அடுத்த ஆண்டில் நடந்ததை விளங்கிக்கொள்ள இந்தக் கணக்கு ஒன்றே பாதி போதும்.

என் அப்பாயிக்கு அந்தத் தேர்தலின்போது 25 வயது. அவர் சொன்ன கதையில் திகதியும் இல்லை, கட்சியின் பெயரும் இல்லை. "விடியக் காலையிலேயே குளிச்சிட்டு, கல்யாணச் சீலையக் கட்டிக்கிட்டு நடந்தோம். கங்காணி வூட்டுப் பிள்ளை, படிச்ச பிள்ளை, நமக்காகப் பேசப் போவுதுன்னு சொன்னாங்க" என்பார். வாக்களித்துவிட்டுத் திரும்பி வரும்போது கடைவீதியில் பனங்கட்டியும் வேர்க்கடலையும் வாங்கித் தின்றது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அன்று பேர் போகவில்லையா, துரை ஒன்றும் சொல்லவில்லையா என்று கேட்டால், "அது ஞாபகமில்ல, கடலை ஞாபகமிருக்கு" என்று சிரிப்பார். கூடவே ஒன்றைச் சொல்வார்: "அதோட சரி."

அந்த 'அதோட சரி' என்பதற்குச் சட்டப் புத்தகத்தில் மூன்று பெயர்கள் உண்டு.

முதலாவது, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்க இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம். 1948 நவம்பர் 15 இல் நடைமுறைக்கு வந்தது. இந்நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரசையாவதற்குத் தன் தகப்பனும் இங்கே பிறந்தவர் எனக் காட்ட வேண்டும். அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் எனக் காட்ட வேண்டும். வாசிப்பதற்கு இலகுவான நிபந்தனை. ஆனால் பிறப்புப் பதிவு ஒழுங்காக நடைபெறத் தொடங்கியதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான். தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் செக்ரோலில் பெயர் ஏறும் காலம் வரும்வரை அது பிறந்ததை எவர் எழுதி வைத்தார்? தகப்பன் பிறந்த துண்டைக் கொண்டுவா என்று இன்று கேட்டாலே எங்கள் பாடசாலைப் பெற்றோரில் சிலர் திண்டாடுகிறார்கள். இந்நிபந்தனையின்படி பார்த்தால் நாட்டின் மூலை முடுக்கிலுள்ள எந்தச் சமூகத்தவராலும் எளிதில் நிரூபிக்க முடியாது. ஆனால் நிரூபிக்கும்படி கேட்கப்பட்டவர்கள் ஒரு சாரார் மட்டுமே.

இரண்டாவது, 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் (பிரசாவுரிமை) சட்டம். கதவைச் சாத்திவிட்டுச் சிறிய சன்னலைத் திறந்தது போன்றது இது. மணமானவர் 1946 ஜனவரி 1 இற்கு முந்திய ஏழு ஆண்டுகளும், மணமாகாதவர் பத்து ஆண்டுகளும் தொடர்ச்சியாக இங்கே வசித்திருக்க வேண்டும். அதன் பின்னரும் வசித்திருக்க வேண்டும். ஒரு தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வெளியே போயிருந்தால் தொடர்ச்சி முறிந்துவிடும். மூன்றாவது, 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கப் பாராளுமன்றத் தேர்தல் திருத்தச் சட்டம். பிரசையல்லாதவரின் பெயர் வாக்காளர் இடாப்பில் இருக்கலாகாது என்றது. அத்துடன் வேலை முடிந்தது.

இந்தச் சட்டங்கள் நிறைவேறியபோது சி.வி. சபைக்குள் அமர்ந்திருந்தார். இதைத்தான் நான் மாணவர்களுக்கு விளக்க முயன்று ஒவ்வோர் ஆண்டும் தடுமாறுகிறேன். ஒரு தொகுதியின் மக்கள் தங்கள் குரலாக ஒருவரை அனுப்புகிறார்கள். அவர் போய் அமர்ந்த இரண்டே ஆண்டுகளில், அதே சபை, அவர் கண்முன்னாலேயே, அவரை அனுப்பியவர்களின் பெயர்களை இடாப்பிலிருந்து வெட்டுகிறது. ஆசனம் அவருக்கு இருக்கிறது; அடுத்த தேர்தல் வரும்வரை அதை எவரும் பறிக்கப் போவதில்லை. வீட்டை இடித்துவிட்டுத் திண்ணையை மட்டும் விட்டுவைத்தது போன்ற நிலை. உலகத்துப் பாராளுமன்றங்களில் உறுப்பினர் தோற்றிருக்கிறார், சிறை சென்றிருக்கிறார், சபையே கலைக்கப்பட்டிருக்கிறது. வாக்காளர் கலைக்கப்பட்டு உறுப்பினர் மிஞ்சிய கதை அரிது.

எவரெவர் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதும் நாம் மறக்க விரும்பும் பகுதி. இடதுசாரிகள் எதிர்த்தார்கள். 1948 ஓகஸ்டில் முதலாவது சட்டமூலத்தைத் தமிழ்க் காங்கிரசும் எதிர்த்தது. அதன்பின் ஜி.ஜி. பொன்னம்பலம் அமைச்சரானார், வதிவாளர் சட்டமூலம் வந்தபோது அரசாங்கத்தின் பக்கம் நின்றார். எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் பிரிந்து சென்று, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. ஆக, வடக்கின் அரசியலையே இரண்டாகப் பிளந்த கேள்வி எங்கள் லயத்துக் கேள்விதான். இச்சஞ்சிகையின் வாசகர்கள் தங்கள் பக்கத்தையும் பார்க்க வேண்டுமல்லவா? முஸ்லிம் கல்விக்குப் பெருந்தொண்டு செய்த ரி.பி. ஜாயா அந்த அமைச்சரவையில் தொழில் அமைச்சராக இருந்தவர். தோட்டத் தொழிலாளர் விவகாரங்கள் அவருடைய அமைச்சின் கீழ்தான் வந்தன. அவரது கல்விப் பணியைப் போற்றும் நாம், இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது நேர்மையாகாது. அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்று சமாதானம் சொல்லலாம். சொல்லட்டும், ஆனால் பேசிவிட்டுச் சொல்லட்டும்.

சட்டத்தின் பெயரிலேயே 'பாக்கிஸ்தானிய' என்ற சொல் இருப்பதையும் கவனிக்க வேண்டும். இது லயத்து மக்களை மட்டும் பிடித்த வலையல்ல. காயல்பட்டினம், கீழக்கரை எனத் தமிழகத்துக் கரையோர ஊர்களிலிருந்து வந்து இங்கே கடை வைத்தவர்கள், மலையாளத்து முஸ்லிம்கள், மேமன், போரா வணிகர்கள் ஆகிய எல்லோரும் ஒன்றில் இந்த விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும் அல்லது தற்காலிக வதிவிட அனுமதியில் நாளை எண்ண வேண்டும். ஐம்பதுகளில் அனுமதி புதுப்பிக்கப்படாமல் கடையைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் பலர்.

வட்டகொடைக் கடைவீதியில் அப்படி ஒரு நானா இருந்தாராம். அரிசி, பருப்பு, கருவாடு, புடவை எல்லாம் பற்றில் கொடுப்பவர். தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவாக இருந்ததால் ஊருக்குக் கடிதம் எழுதுவது, வந்ததை வாசித்துச் சொல்வது, மனு எழுதுவது எல்லாம் அந்தக் கடைப் பலகையில்தான் நடக்கும். என் தாத்தாவின் வதிவாளர் விண்ணப்பத்தை எழுதியதும் அவரே. கடைசித் தவணைக்குச் சில நாட்களே இருந்தபோது, இரவு கடையைச் சாத்திவிட்டு, அரிக்கன் இலாம்பை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் எழுதினாராம். காசு வாங்கவில்லை என்பார் அப்பாயி. தாத்தாவோ, பற்றுக் கணக்கில் ஏற்றியிருப்பார் என்பார். இருவரும் இதற்காகவே சண்டை பிடிப்பார்களாம்.

ஏன் கடைசிச் சில நாட்கள்? இங்கேதான் காங்கிரஸ் உறுப்பினர்களின் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வதிவாளர் சட்டம் 1949 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம், 1951 ஓகஸ்ட் வரை. அநீதியான சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பதில்லை என்று காங்கிரஸ் பகிஷ்காரம் செய்தது. கொள்கையளவில் அது சரி. காந்தியின் படத்தை மாட்டியிருந்த இயக்கம் வேறெப்படி முடிவெடுக்கும்? ஆனால் பகிஷ்காரத்தைக் கைவிட்டபோது அவகாசத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது. பிறகு அவசர அவசரமாக எழுதப்பட்ட ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் அதிகம். ஆண்டுக்கணக்கான விசாரணைகளின் முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர் மட்டுமே. அவகாசம் முழுவதும் கிடைத்திருந்தாலும் முடிவு பெரிதாக மாறியிராது என்று வாதிடுவோர் உண்டு. இருக்கலாம். கணக்கெழுதத் தெரியாத மக்களின் சார்பில் கொள்கையைப் பிடிக்கும்போது, தவணைத் திகதியையும் பிடித்திருக்க வேண்டும் என்பதே என் எண்ணம். சி.வி. இதில் தனித்து என்ன சொன்னார் என்பது வேறு. அந்த அணியின் ஒருவர் என்ற வகையில் பொறுப்பு அவருக்கும் உண்டு.

தாத்தாவின் விண்ணப்பம் வேறொரு காரணத்தால் விழுந்தது. 1943 இல் தகப்பனின் சாவுக்கு முசிறிப் பக்கம் போனவர், போர்க்காலக் கெடுபிடியில் திரும்பி வரப் பதினான்கு மாதங்களாகிவிட்டன. பயிற்சியற்ற தொழிலாளர் இலங்கைக்கு வருவதை இந்திய அரசாங்கம் 1939 இலேயே தடை செய்திருந்த காலம் அது. பன்னிரண்டுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்ட இரண்டு மாதங்களில் எங்கள் குடும்பத்தின் நாடு போனது. விண்ணப்பத்தை எழுதிய நானாவும் சில ஆண்டுகளில் அனுமதி முடிந்து ஊருக்குப் போய்விட்டார். பற்றுக் கணக்குக் கொப்பியை ஒவ்வொரு லயமாகக் கொண்டுவந்து, கொடுக்க முடிந்ததைக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு மிச்சத்தை வெட்டிவிட்டுப் போனாராம். இதில் மட்டும் தாத்தாவுக்கும் அப்பாயிக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

1952 மார்ச் 22 இல் டி.எஸ். சேனாநாயக்கா மறைந்தார். ஏப்ரல் இறுதியில் காங்கிரஸ்காரர்கள் கொழும்பில் பிரதமர் அலுவலகத்தின் முன் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். அது நான்கு மாதங்களுக்கும் மேலாக நீடித்தது. சபைக்குள் பேசியவர்கள் வீதியில் அமர்ந்தார்கள். இடையில் மே மாதத்தில் பொதுத்தேர்தலும் நடந்து முடிந்தது. அந்தத் தேர்தலில் காங்கிரசிலிருந்து எவரும் சபைக்குத் திரும்பவில்லை. சி.வி.யின் பாராளுமன்ற வாழ்வு அத்துடன் முடிந்தது. நீதிமன்றத்தில் நம்பிக்கை வைத்தவர்களுக்கு, ருவான்வெல்லையின் கோடகன் பிள்ளை தொடுத்த வழக்கில் 1953 இல் பிரிவுக் கவுன்சிலும் கைவிரித்தது.

தலவாக்கலைத் தொகுதி மட்டும் அப்படியே இருந்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம், 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்பது அன்றைய எல்லை வகுப்பு முறை. ஆளை எண்ணும்போது தோட்டத்து மக்களையும் சேர்த்தே எண்ணினார்கள். தலை கணக்கில் உண்டு, கை கணக்கில் இல்லை. எங்கள் மக்களின் எண்ணிக்கையால் உண்டான ஆசனத்துக்கு மிஞ்சிய சில ஆயிரம் பேர் உறுப்பினரைத் தெரிவு செய்தார்கள். 1960 மார்ச்சுத் தேர்தலின்போது தலவாக்கலை என்ற தொகுதியே இல்லை. ஆகவே சி.வி. திரும்பிச் செல்ல வாக்காளரும் இல்லை, தொகுதியும் இல்லை.

இவ்விடத்தில் அப்துல் அஸீஸை நினைக்காமல் போனால் இக்கட்டுரை குறையுடையதாகும். தமிழைத் தாய்மொழியாகக் கொள்ளாத ஒரு முஸ்லிம், பெரும்பாலும் இந்துக்களான தோட்டத் தொழிலாளரின் இயக்கத்துக்குத் தலைவராக இருந்தார். மோத்தாவின் மறைவுக்குப் பின் அதே முதலாவது பாராளுமன்றத்தில் மஸ்கெலியாவின் உறுப்பினராகவும் ஆனார். பிறகு தொண்டமானுடன் முரண்பட்டு 1956 இல் ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரசை அமைத்தார். 1970 இல் நியமன உறுப்பினராக மீண்டும் சபைக்குப் போனார். தொண்டமானும் 1960 இலும் 1965 இலும் நியமன உறுப்பினராகச் சென்றவர்தான். 1977 இல்தான் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியில் வாக்குகளால் திரும்பினார். வாக்கில்லாத மக்களின் தலைவருக்கு அன்று திறந்திருந்த ஒரே வாசல் நியமனம். அதற்குள் நுழைய அரசாங்கத்தின் தயவு வேண்டும். நான் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அந்த வாசலால் போய்ச் சில நன்மைகளையும் கொண்டுவந்தார்கள். சி.வி. அந்த வாசலால் போகவில்லை என்பதை மட்டும் குறிக்கிறேன்.

அவர் வேறு வழியில் போனார். இங்கே நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். சி.வி.யின் எழுத்தை அரசியலை விட்டுவிட்டு வந்து செய்த வேலையாகப் பார்க்கிறார்கள். அது தவறென்பது என் துணிபு. ஐம்பதுகளில் நூலான, பின்னர் சக்தீ அ. பால ஐயாவின் கைவண்ணத்தில் 1969 இல் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழுக்கு வந்த அவரது நெடுங்கவிதை ஏன் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது? லயத்து மக்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அதை அன்று வாசித்திருக்க முடியாது. அவர் அமர்ந்திருந்த சபையின் விவாத மொழி ஆங்கிலம். சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள், கைதூக்கியவர்கள், வாளாவிருந்தவர்கள் ஆகிய எல்லோரும் ஆங்கிலத்தில் யோசித்தவர்கள். இந்த மண்ணைத் திருத்தியவர்கள் எவர், இதன் அடியில் கிடப்பவர்கள் எவர் என்ற கேள்வியை அவர் அந்தச் சபையை நோக்கியே கேட்டார், சபைக்கு வெளியே நின்று. 1970 இல் வந்த தோட்டத்து மாந்தரின் ஆங்கிலச் சித்திரங்களும் அப்படியே. கங்காணியையும் உள்ளிருந்து பார்த்து, தன் வீட்டுப் பெருமையைத் தானே உரித்து எழுதினார்.

தமிழில் எழுதத் திரும்பியபோது முகவரி மாறியது. 'வீடற்றவன்' நாவலை எடுத்துப் பாருங்கள். தோட்டத்தில் சங்கம் அமைக்க முனைந்த தொழிலாளி குடியிருந்த காம்பராவை இழக்கிறான். வேலையும் வீடும் ஒரே துரையின் கையில் இருக்கும் இடத்தில், வேலைநீக்கம் என்பது தெருவில் நிற்பது. நாடற்றவன் என்ற சட்டச் சொல்லை வீடற்றவன் என்று லயத்துக்குப் புரியும் சொல்லாக மாற்றியவர் அவர். பத்திரிகையில் அறுபதுகளில் தொடராக வந்த இந்நாவல் 1981 இல்தான் நூலானது. கலையழகில் குறைகள் உண்டு. பாத்திரங்கள் சில இடங்களில் சங்கக் கூட்டத்தில் பேசுவதுபோலப் பேசுகின்றன. ஆனால் சங்கக் கூட்டத்தில் நம் மக்கள் உண்மையிலேயே அப்படித்தான் பேசினார்கள் என்று என் தகப்பனார் சொல்வார்.

1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, மிச்சம் 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரின் கணக்கு பிறகு பார்த்துக்கொள்வதாக. அந்த மிச்சத்தை 1974 இல் ஆளுக்கு 75 ஆயிரமாகப் பங்கிட்டார்கள். 1948 இல் எதிர்த்துப் பேசிய இடதுசாரிகளில் ஒரு பகுதியினர் 1964 இல் அந்த அரசாங்கத்தின் பங்காளிகள். பேசப்பட்ட மக்களிடம் எவரும் கேட்கவில்லை. கேட்டுச் சொல்ல அவர்களுக்கென்று வாக்கால் தெரிவான ஓர் உறுப்பினரும் அப்போது சபையில் இல்லை.

1965 இல் வி.கே. வெள்ளையன் தொழிலாளர் தேசிய சங்கத்தைத் தொடங்கியபோது சி.வி. அவரோடு நின்றார். வெள்ளையன் 1971 இல் மறைந்தபின்னும் சங்கத்திலேயே இருந்தார். 'மாவலி' சஞ்சிகையை நடத்தினார். மலை மலையாகப் போய்ப் பாட்டுச் சேகரித்தார். தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, கங்காணியைக் கேலி செய்யும் பாட்டு என அவர் சேர்த்தவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற பெயரில் 1983 இல் நூலாகின. எழுத்தறிவில்லாத, வாக்கில்லாத, பிறப்புத் துண்டில்லாத கிழவிகளின் வாயிலிருந்து எடுத்தவை அவை. தகப்பன் பிறந்ததற்குச் சான்று கேட்ட சட்டத்துக்கு அந்தப் பாட்டுகளைவிட வேறு எந்தச் சான்றை ஒருவர் கொடுத்திருக்க முடியும்? கண்டிச் சீமைக்கு வந்த வழி, செத்தவர் பெயர், வெட்டிய காடு, கட்டிய ரோடு எல்லாம் அதற்குள் இருக்கின்றன. பதிவாளர் கையொப்பம் ஒன்றுதான் இல்லை.

நூல் வந்த அந்த 1983 என்ன ஆண்டு என்று எவருக்கும் சொல்லத் தேவையில்லை. 1984 நவம்பர் 19 இல் சி.வி. காலமானார். நாடற்றோர் பிரச்சினைக்குப் பெருமளவில் முடிவு கட்டிய 39 ஆம் இலக்கச் சட்டம் 1988 இல் வந்தது. எஞ்சியவர்களுக்கு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம். இரண்டையும் அவர் காணவில்லை. 2015 இல் அதே மடக்கொம்பரையிலிருந்து இன்னோர் எழுத்தாளர், ம. திலகராஜ், நுவரெலியா மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினரானார். ஒரு தோட்டம், இரண்டு எழுத்தாளர், இரண்டு உறுப்பினர். இடைவெளி 63 ஆண்டு.

என் அப்பாயி இரண்டாவது முறை வாக்களித்தது 1994 ஓகஸ்டில். தாத்தா அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே போய்விட்டார். எனக்கு அப்போது பதினான்கு வயது. கைப்பிடித்து வாக்குச்சாவடி வாசல்வரை நான்தான் கூட்டிப் போனேன். 72 வயதில், 47 ஆண்டுகளுக்குப் பின், உள்ளே போனவர் நேரமெடுத்துத்தான் வெளியே வந்தார். விரலில் மை. வரும் வழியில் கடலை வேண்டுமா என்று கேட்டேன். பல் இல்லை என்றார். கொஞ்சத் தூரம் நடந்தபின், "அந்தப் பிள்ளை இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டார். எந்தப் பிள்ளை என்று எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டபோதுதான் சி.வி. வேலுப்பிள்ளை என்ற பெயரை முதன்முதலாகக் கேட்டேன்.

இப்போது என் வகுப்பில் அந்த வசனத்தை எழுதும் பிள்ளைகளிடம், 'உறுப்பினராகவும்' என்பதற்கு முன்னால் 1947 – 1952 என்று சேர்த்து, ஏன் 1952 இல் முடிந்தது என்று இரண்டு வரி எழுதும்படி சொல்கிறேன். புள்ளித் திட்டத்தில் அந்த இரண்டு வரிக்குப் புள்ளி இல்லை என்று சென்ற தவணை ஒரு மாணவி சுட்டிக்காட்டினாள். அது உண்மைதான். எழுதிவிட்டுத்தான் சொன்னாள்.